நாலாவது சிந்தசைசர்

"நல்லாத்தான் இருக்கு. ஆனா வேலை செய்யலையேம்மா" என்றார் மேனேஜர்.

சின்னவள் போனை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றிக்கொண்டாள்.

"வேலை செய்யலைன்னா... எப்படி சார்?"

"லைன்ல ஒரு நாள் போட்டுப் பார்த்தோம். கேக்கிறவங்ககிட்ட நாங்க எதிர்பார்க்கிற மாற்றம் வரலை. எதையோ சேர்க்கணும். எதைன்னு என்னைக் கேக்காதீங்க. நீங்கதானே மியூசிக்?"

தண்ணீர் சுத்திகரிக்கும் கருவி விற்கிற கம்பெனி அது. அதன் புகார்ப் பிரிவுக்குப் போன் செய்கிறவர்கள், ஆள் எடுக்கும்வரை கேட்டுக்கொண்டிருக்க ஒரு நிமிட இசை வேண்டும். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குள் மேனேஜருக்குப் பிடித்துவிட்டால், கம்பெனியின் எல்லாப் பிரிவுகளுக்கும் ஒரு வருடம் அவள்தான் இசை. பிடிக்காவிட்டால், திங்கட்கிழமை பெயின்ட் தொழிற்சாலை ஆய்வகத்தில் வேலைக்குச் சேர வேண்டும். வேதியியல் படித்தவள். அக்காவுக்கு அப்படித்தான் வாக்குக் கொடுத்திருந்தாள். அக்கா வீட்டில், துணி தேய்க்கும் அறையில் உட்கார்ந்து இசை செய்துகொண்டு வேறெப்படி வாக்குக் கொடுக்க முடியும்?

அன்று செவ்வாய்க்கிழமை.

அவளிடம் ஏற்கெனவே மூன்று சிந்தசைசர்கள் இருந்தன. மூன்றும் கணினிக்குள் குடியிருக்கும் மென்பொருள்கள். திரையில் தெரியும் குமிழ்களைத் திருகினால் வயலினும் வரும், வண்டும் வரும். இன்னும் ஒன்று இருந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளுக்குத் தோன்றியது. மூன்றாவதை வாங்கியபோதும் அப்படித்தான் தோன்றியது.

கல்லூரியில் உடன் படித்தவனுக்குப் போன் செய்தாள். ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. கத்திக் கத்திப் பேசுவதால் டெசிபல் என்று பெயர்.

"உன் மூணும் ஒரே மாதிரி!" என்று கத்தினான். "துடைச்சு வச்ச கண்ணாடி மாதிரி இருக்கும். உனக்குக் கதகதப்பா ஒண்ணு வேணும்."

"எதை வாங்கட்டும்?"

"நாலு இருக்கு. நாலுமே நல்லது. அதுல மூணு உனக்கு ஒத்துவராது."

"எந்த மூணு?"

"அது வாங்கினாத்தான் தெரியும்."

நான்கின் சோதனைப் பதிப்புகளையும் இறக்கினாள். இலவசம் என்பதால் ஒவ்வொன்றுக்கும் ஒரு நோய். முதலாவது நாற்பது நொடிக்கு ஒருமுறை 'உஸ்' என்றது. இரண்டாவது நினைத்தபோது செத்துப்போய், நினைத்தபோது பலமாக உயிர் பெற்றது. மூன்றாவது, ஒலிப்பதைப் பதிவு செய்ய விடும்; திருகி வைத்த எதையும் சேமிக்க விடாது. நான்காவது எந்தச் சுரத்தை அழுத்தினாலும் அரைச் சுரம் இறங்கியே ஒலித்தது. காரணம் நூற்றிருபது பக்கக் கையேட்டில் எங்கோ இருந்தது.

சின்னவள் கட்டம் போட்ட தாளில் அட்டவணை வரைந்தாள். 'கதகதப்பு' என்ற பத்தியில் பேனா நின்றது. அதற்கு அலகு என்ன? பத்துக்கு எத்தனை என்று எழுதினாள். அரை மணி கழித்து அதையே கேட்டால் வேறு மார்க் வந்தது. ஆய்வகமாக இருந்தால் கருவியைச் சந்தேகப்படலாம். இங்கே கருவி அவளுடைய காது.

அக்காவையும் அத்தானையும் கூப்பிட்டு நாற்காலியில் உட்கார வைத்தாள்.

"ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலுன்னு போடுவேன். கண்ணை மூடிக்கிட்டுக் கேளுங்க."

"கண்ணை எதுக்கு மூடணும்?" என்றார் அத்தான்.

"திரை அழகா இருந்தா அதுக்கு மார்க் போட்டுடுவீங்க அத்தான்."

"உங்க அக்காவுக்கு அப்படித்தானே போட்டேன்."

"கண்ணை மூடுங்க" என்றாள் அக்கா.

நான்கையும் ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். தன் காதை நம்பாமல், அவர்கள் முகத்தையே பார்த்துக் குறிப்பெடுத்தாள். முடிந்ததும் இருவரும் ஒரே குரலில் நாலு என்றார்கள்.

"அடிவயித்துல ஒரு அதிர்வு வந்தது பாரு" என்றார் அத்தான்.

"மெல்ல ஆரம்பிச்சு, வேகம் பிடிச்சு, கடைசியில அப்படியே அடங்குதுடி" என்றாள் அக்கா. அவள் கண் லேசாகக் கலங்கியிருந்தது.

கல்யாணமான ஆறு வருடத்தில் அவர்கள் ஒத்துப்போன முதல் விஷயம். சின்னவள் பூரித்துப்போய்த் திரையைப் பார்த்தாள். நான்காவதின் ஒலி அளவு பூஜ்யத்தில் இருந்தது.

சமையலறையில் வாஷிங் மெஷின் 'டிங்' என்றது. துணி பிழிந்து முடித்திருந்தது.

"அப்போ அதையே பதிவு பண்ணிக் கொடுத்துடேன்" என்றார் அத்தான்.

கடைசியில் மூன்றாவதைத் தேர்ந்தெடுத்தாள். சேமிக்க முடியாது என்பதால் கணினியை அணைக்கவே இல்லை. 'தொடாதே' என்று சீட்டு எழுதித் திரையில் ஒட்டினாள். புதன்கிழமை விடிந்ததும் இசை தயார். அக்கா தேய்ப்புப் பெட்டியைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டே நின்றதில், அத்தானின் சட்டை முதுகில் முக்கோணமாகத் தீய்ந்தது. அதைவிட நல்ல சகுனம் இல்லை. அனுப்பினாள்.

வியாழக்கிழமை காலை மேனேஜர் பேசினார்.

"போச்சும்மா. இது முன்னதைவிட மோசம்."

"எந்த இடம் சார்?"

"இடம்னு தனியா இல்லை. மொத்தமா. நேத்து சாயங்காலத்துக்குள்ள எங்க ஆளுங்க நொந்துபோயிட்டாங்க."

கேட்டவர்கள் நொந்துபோகும் அளவுக்கு இசை செய்திருக்கிறோமே என்று சின்னவள் இடிந்துபோனாள். டெசிபல் உடனே வைத்தியம் சொன்னான்.

"ஒண்ணு போதலைன்னா ரெண்டைச் சேர்!"

இரண்டைச் சேர்த்தாள். குழைந்தது. மூன்றைச் சேர்த்தாள். கணினி பெருமூச்சு விட்டது. அத்தான் டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து அதற்கு எதிரில் வைத்தார். "எனக்குக் காய்ச்சல் வந்தப்போ இதைக் கேட்டேன், கிடைக்கலை" என்றார். எது எதைக் கெடுக்கிறது என்று பார்ப்பதற்காகச் சின்னவள் ஒருமுறை பழைய மூன்றையும் புதிய நான்கையும் சேர்த்தே ஓடவிட்டுப் பதிவு செய்தாள். பிறகு பொறுமையாக ஒவ்வொன்றாகக் கழித்தாள். வெள்ளிக்கிழமை காலை அருமையான ஒரு நிமிடம் மிஞ்சியது.

கணினியில் 'கடைசி', 'புதுக் கடைசி', 'நிஜக் கடைசி', 'இதுதான் கடைசி' என்று நான்கு கோப்புகள் இருந்தன. பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது 'நிஜக் கடைசி'யை அனுப்பிவிட்டு, நிம்மதியாகக் குளித்துவிட்டு வந்தாள்.

"என்ன அனுப்பினே? போடு, கேப்போம்" என்றார் அத்தான்.

போட்டாள். ஏழும் ஒன்றாகக் கிளம்பின. ஒன்று அரைச் சுரம் கீழே நின்று மற்ற ஆறோடும் சண்டை போட்டது. நடுவில் ஒன்று செத்து, உயிர் பெற்று அலறியது. பிறகு 'உஸ்'.

"இதுல யாரு யாரை அடிக்கிறாங்க?" என்றார் அத்தான்.

சின்னவள் போனைத் தேடி எடுத்தாள். கம்பெனிக்குப் போன் செய்தாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு மிக முக்கியம்' என்றது ஒரு குரல். அடுத்து அவளுடைய இசை. அதற்குள் போட்டுவிட்டார்கள்! போனை வைத்தாள். மறுபடி செய்தாள். மறுபடி வைத்தாள்.

"குடு, நான் பேசறேன்" என்று அத்தான் போனை வாங்கினார். எட்டு நொடியில் திருப்பிக் கொடுத்தார்.

"நேர்லயே போயிடு."

சரியான கோப்பைப் பென்டிரைவில் போட்டுக்கொண்டு ஓடினாள். கம்பெனியின் இரண்டாவது மாடியில் மேனேஜர் இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு எதிரே வந்தார்.

"வாங்க, வாங்க! உக்காருங்க."

"சார், அது தப்பா..."

"எது தப்பு? மூணு வாரமா நான் கேட்டது இதைத்தானே? இந்தாங்க, ஒப்பந்தம். எல்லாப் பிரிவுக்கும். ஒரே ஒரு நிபந்தனை, இதே தரம் இருக்கணும்."

பென்டிரைவைப் பிடித்திருந்த கையாலேயே கையெழுத்துப் போட்டாள். அவள் எழுத்தே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை.

வெளியே வந்தால் புகார்ப் பிரிவு. ஆறு மேசைகள், ஆறு தொலைபேசிகள். வாசலை ஒட்டிய மேசையில் ஒரு பெண்மணி ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டு, விரல்களை விரித்து, நகப்பூச்சை ஊதிக் காயவைத்துக்கொண்டிருந்தாள்.

சின்னவளால் கேட்காமல் போக முடியவில்லை.

"அக்கா, அந்த மியூசிக் பண்ணினது நான்தான். உங்களுக்கெல்லாம் நிஜமாவே பிடிச்சிருக்கா?"

அந்தப் பெண்மணி எழுந்து, நகத்தில் படாமல் அவள் கையை உள்ளங்கைகளுக்கு நடுவே பிடித்துக்கொண்டாள்.

"புதன்கிழமை ஒண்ணு குடுத்தியே, அதைக் கேட்டுக்கிட்டு அத்தனை பேரும் நாங்க எடுக்கிற வரைக்கும் லைன்ல நின்னு புகார் சொல்லிட்டுத்தான் போனாங்க, இன்னைக்குக் காலையிலேர்ந்து ஒருத்தர்கூட நிக்கலை பாரு, அதுக்குத்தானேம்மா உன்னை வச்சதே!"