விசில் அக்காவும் என் சிவப்புப் பேனாவும்

பெங்களூர் தொம்மலூரில் நாங்கள் குடியிருந்த தெருவில் யார் என்ன சாப்பிட்டார்கள், எதை ஒளித்துச் சாப்பிட்டார்கள், எதைச் சாப்பிடாமல் கொட்டினார்கள் என்பதெல்லாம் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் கடவுள். இன்னொருவர் விசில் அக்கா. கடவுள் வெளியே சொல்வதில்லை.

விசில் அக்கா எங்கள் தெருவுக்குக் குப்பை வாங்க வருபவர். காலை ஏழு மணிக்குத் தள்ளுவண்டியோடு முனை திரும்பும்போதே போக்குவரத்துப் போலீஸ்காரர் ஊதுவது போல ஒரு விசில் கேட்கும். ஒருமுறை ஊதினால் ஈரக் குப்பை. இருமுறை ஊதினால் உலர்ந்த குப்பை. நீளமாக ஊதினால் மூன்றாவது வகை. அதைப் பிறகு சொல்கிறேன். சேலைக்கு மேல் பச்சைக் கோட்டு. கழுத்தில் ஏதோ ஒரு கம்பெனியின் அடையாள அட்டை. வேலையை விட்ட யாரோ குப்பையில் போட்டதாம். அதில் கண்ணாடி போட்ட ஓர் இளைஞனின் படம் இருந்தது.

"இதுல இருக்கறது யாரும்மா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நான்தான் சார். இளைச்சிருந்தப்போ எடுத்தது" என்றார் கொஞ்சமும் சிரிக்காமல்.

நாங்கள் அந்தத் தெருவுக்கு வந்த கதை சின்னது. எனக்குக் குடியாத்தம். கல்வி அலுவலகத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவன். என் மகன் பிரபுவை அவன் கம்பெனி ஏதோ ஒரு வேலைக்காகப் பதினோரு மாதம் பெங்களூருக்கு அனுப்பியது. மருமகள் கவிதா அப்போது நிறைமாதம். அவளுக்கு அம்மா இல்லை. பிரசவத்துக்குப் போகத் தாய்வீடு இல்லாததால் நானும் என் மனைவி சரோஜாவும் மூட்டை கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தோம். சில வாரங்களில் பேரன் பிறந்தான். இரண்டு அறை, ஐந்து பேர், பிரிக்காத பதினாறு அட்டைப்பெட்டிகள். பதினோரு மாதத்துக்கு எதற்குப் பிரிப்பது என்று பெட்டிகளின் மேலேயே உட்கார்ந்து காப்பி குடித்தோம்.

முதல் நாள் வீட்டுக் குப்பை முழுவதையும் ஒரே பையில் கட்டி வாசலில் வைத்தேன். எங்கள் ஊர் வழக்கம் அது. விசில் அக்கா பையை அவிழ்த்தார், பார்த்தார், அப்படியே எங்கள் வாசலில் தலைகீழாகக் கொட்டினார்.

"இன்னா சார் இது? ஹசி கசா, ஒண கசா, எல்லாம் ஒண்ணாக் கலந்து உப்புமா கிண்டி வெச்சிக்கீறீங்க?"

ஹசி என்றால் கன்னடத்தில் ஈரம், ஒண என்றால் உலர்ந்தது, கசா என்றால் குப்பை. தெருவே வாசலுக்கு வந்துவிட்டது. வாழைப்பழத் தோலையும் பால் பாக்கெட்டையும் குந்தி உட்கார்ந்து பிரித்தேன். ஒரு காலத்தில் மாவட்டம் முழுவதும் தலைமையாசிரியர்கள் என்னைப் பார்த்தால் எழுந்து நிற்பார்கள்.

"நாங்க இங்க பதினோரு மாசம்தாம்மா" என்று முணுமுணுத்தேன்.

"நீங்க பதினோரு மாசம். நான் பதினேழு வருசம். பேகா பேகா, சீக்கிரமா பிரிங்க."

அவர் எந்த வீட்டையும் எண் சொல்லியோ பெயர் சொல்லியோ அழைத்ததில்லை. குப்பையைச் சொல்லித்தான் அழைப்பார். மாடியில் நான்கு இளைஞர்கள் இருந்த இடம் பீட்ஸா வீடு. முனையில் இருந்தது பீட்ரூட் வீடு. எதிர்வீட்டுச் சொந்தக்காரர் தன் வீட்டு மாடியை வாடகைக்கு விட 'சைவம் மட்டும், முட்டையும் கூடாது' என்று பலகை மாட்டியிருந்தார். அவர் வீட்டு வாசலில் நின்றுகொண்டு அக்கா, "முட்டை வீடு! முட்டை வீடு! திங்கக்கிழமை ஓடு எங்க?" என்று விசில் ஊதுவார். அவர் உள்ளேயிருந்து பூஜை மணியைப் பலமாக அடிப்பார்.

நான் இதையெல்லாம் ரசித்துச் சிரித்தேன். என் முறை வரும்வரை.

எனக்குச் சர்க்கரை உண்டு. மாலையில் நடைப்பயிற்சி என்று சொல்லிவிட்டுப் போய் பேக்கரியில் மைசூர்பாக் வாங்கித் தின்பது வழக்கம். மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவந்து துணிக்கு நடுவே வைத்துத் தின்பேன். டப்பாவை உலர்ந்த குப்பையின் அடியில், செய்தித்தாளுக்குள் சுருட்டிப் புதைப்பேன். ஒருநாள் சரோஜா குப்பையைக் கொண்டுபோனாள். அக்கா டப்பாவை எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"அம்மா, உங்க வீட்ல யாருக்கோ சுகர்னு மாத்திரை அட்டை வருதே?"

"எங்க வீட்டுக்காரருக்குத்தான்."

"அப்போ வாரத்துக்கு மூணு மைசூர்பாக் டப்பா யாருக்கு? பச்சக் கொழந்தைக்கா?"

அன்றிலிருந்து தெருவில் எனக்கு மைசூர்பாக் சார் என்று பெயர். பீட்ஸா வீட்டுப் பையன்கள் கூட "குட்மார்னிங் மைசூர்பாக் அங்கிள்" என்றார்கள். சரோஜா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பேசாமலே கசப்பான வெந்தயத் தண்ணீரை என் முன்னால் வைத்தாள். அந்தப் பெண்மணியின் மேல் எனக்கு ஒரு கறுவல் உண்டாகிவிட்டது. பின்னால் நான் செய்ததற்கு ஆயிரம் காரணம் சொல்லிக்கொண்டேன். உண்மையான காரணம் அந்த டப்பாதான்.

இப்போது மூன்றாவது வகைக் குப்பை. குழந்தையின் டயப்பர் போன்றவற்றைச் செய்தித்தாளில் சுற்றி, மேலே சிவப்பு மையால் ஒரு புள்ளி வைத்துத் தனியாகக் கொடுக்க வேண்டும். புள்ளி வைத்த பொட்டலத்தை யாரும் பிரிக்கமாட்டார்கள். சிவப்புப் பேனா என்றதும் எனக்குக் கை துறுதுறுத்தது. எத்தனையோ ஆண்டு கோப்புகளில் சிவப்பு மையால் திருத்தியவன் அல்லவா? கவிதா தன் அறையிலேயே பொட்டலங்களைச் சுற்றிக் கதவோரம் வைப்பாள். நான் புள்ளி வைத்து, தேதியும் போட்டு, வாசலுக்குக் கொண்டுபோவேன்.

"தேதி எதுக்கு சார்? இன்னா, ஃபைல்ல வெக்கணுமா?" என்பார் அக்கா.

ஒருநாள் காலை விசில் சத்தமே இல்லாமல் அவர் எங்கள் வாசலில் வந்து நின்றார். குரலைத் தாழ்த்தி, "சார், உங்க மருமவ சாப்புடுதா?" என்றார்.

"ஏன்?"

"செவப்பு புள்ளி பொட்டலம் கனமா கீது. பூண்டு வாசனை வேற வருது. நாலஞ்சு நாளா பாக்குறேன். டயப்பரோட சோத்தையும் வெச்சு சுத்துது சார் அந்தப் பொண்ணு."

எனக்குச் சுருக்கென்றது. சரோஜா விடிவதற்கு முன்பே எழுந்து பத்தியச் சமையல் செய்கிறாள். பூண்டுக் குழம்பு, சுறாப்புட்டு. தட்டு கவிதாவின் அறைக்குப் போகிறது. துடைத்தது போலத் திரும்பி வருகிறது. சரோஜாவுக்கு அதில் எவ்வளவு பெருமை!

"நீ எதுக்கு அந்தப் பொட்டலத்தை எல்லாம் பிரிக்கிறே?" என்று கத்தினேன்.

"பிரிக்கல சார். கையில எடுத்தாலே தெரியாதா? எனக்கும் ரெண்டு பொண்ணு. என் பெரியவ பிரசவம் ஆனப்போ இப்படித்தான். சிரிச்சினே இருப்பா, துன்னமாட்டா. கொஞ்சம் பாருங்க."

"எங்க வீட்டு விஷயம் உனக்கு வேண்டாம். குப்பையை மட்டும் பார்."

"குப்பையைத்தான் சார் பார்த்தேன்" என்றார்.

உள்ளே வந்து வார்டு அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதினேன். மனு எழுதுவதில் எனக்கு நல்ல பெயர் உண்டு. பொருள், பார்வை, நான்கு பத்தி, நல்ல ஆங்கிலம். மேற்படி நபர் வீட்டுப் பெண்களின் அந்தரங்கமான பொட்டலங்களைப் பிரித்துப் பார்க்கிறார் என்று எழுதினேன். பிரிக்கவில்லை என்று அவர் என் முகத்துக்கு நேராகச் சொன்னதைக் கேட்டவன்தான் எழுதினேன். ஒரு வினைச்சொல்லை மாற்றினால் ஓர் ஆளையே மாற்றிவிடலாம் என்பது நான் வேலை பார்த்துக் கற்ற வித்தை. அது பொய் என்று எழுதும்போதே எனக்குத் தெரியும்.

முட்டை வீட்டுக்காரர் படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டார். "எக்ஸ்ட்ரா காப்பி இருந்தா அதுலயும் போடறேன் சார்" என்றார்.

வார்டு அலுவலகத்திலிருந்து துப்புரவு மேஸ்திரி வந்தார். ஒரே வாரத்தில் விசில் அக்காவை மார்க்கெட் பக்கம் தூக்கிப் போட்டுவிட்டார்கள். அவர் வீடு நீலசந்திராவில். எங்கள் தெருவுக்கு நடந்தே வந்துகொண்டிருந்தவர். மார்க்கெட்டுக்கு இரண்டு பஸ் மாற வேண்டும். அழுகிய காய்கறி மலைபோலக் குவியும் இடம்.

கடைசி நாள் எங்கள் வீட்டுக் குப்பையை வாங்கியபோது சண்டை போடுவார் என்று நினைத்தேன். சண்டைக்குத் தயாராகச் சட்டை கூட மாற்றியிருந்தேன்.

"உங்க இங்கிலீசு ரொம்ப நல்லா கீதாம் சார். மேஸ்திரி படிச்சு காட்டினாரு" என்றார். பொட்டலத்தைக் கையில் வைத்து ஒருமுறை தூக்கிப் பார்த்தார். "இன்னிக்கும் கனமாத்தான் கீது" என்று சொல்லிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு போனார்.

அதற்குப் பிறகு ஓர் ஆட்டோ வந்தது. வண்டி ஓட்டியவர் யாரையும் எதுவும் கேட்கவில்லை. எதைக் கொடுத்தாலும் வாங்கிக்கொண்டார். தெரு கண்ணியமாகிவிட்டது. முட்டை வீட்டில் பூஜை மணி மெதுவாக ஒலித்தது. நான் சிவப்புப் புள்ளி வைத்துக்கொண்டே இருந்தேன். அப்போதும் ஒரு பொட்டலத்தைக்கூடக் கையில் நிறுத்தி எடை பார்க்கவில்லை. பார்த்தால் தெரிந்துவிடுமே என்ற பயம்தான்.

இரண்டு வாரம் கழித்துக் குளியலறை வாசலில் கவிதா மயங்கி விழுந்தாள். நல்லவேளை, குழந்தை சரோஜாவின் மடியில் இருந்தான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா கேட்டார்: "எத்தனை நாளாச்சு சரியா சாப்பிட்டு?"

"நல்லா சாப்பிடறாளே டாக்டர், தட்டு காலியா வருதே" என்றாள் சரோஜா.

கவிதா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள். "என்னால முழுங்க முடியல அத்தை. நீங்க அவ்வளவு கஷ்டப்பட்டு செய்யறீங்க. எங்கம்மா இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். உங்ககிட்ட எப்படிச் சொல்றது?"

டாக்டரம்மா விளக்கினார். பிள்ளை பெற்ற சிலருக்கு மனம் இப்படிச் சோர்ந்துபோகும், இது நோய், மருந்து உண்டு, தூக்கம் வேண்டும், பேச ஆள் வேண்டும் என்றார். பிறகு எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். "ஒரே வீட்ல இருக்கீங்க. ஒருத்தருக்குக் கூடவா தெரியல?"

ஒருவருக்குத் தெரிந்திருந்தது. அவரை நான் மாற்றியிருந்தேன்.

அன்று இரவே பிரபுவிடமும் சரோஜாவிடமும் எல்லாவற்றையும் சொன்னேன். பிரபு என் மேஜையிலிருந்த சிவப்புப் பேனாவை எடுத்துத் தன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டான். அதைவிட அவன் திட்டியிருக்கலாம்.

முதல் மனு பொய் என்று மறுநாளே இரண்டாவது மனு எழுதினேன். வார்டு அலுவலகத்தில் இருந்தவர் வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "சார், தூக்கறதுக்கு ஒரு லெட்டர் போதும். திரும்ப வெக்கறதுக்கு எந்த லெட்டரும் பத்தாது."

கவிதா கொஞ்சம் தேறிய பிறகு நான் மார்க்கெட்டுக்குப் போனேன். முட்டைக்கோஸ் இலைக் குவியலுக்கு நடுவே பச்சைக் கோட்டு தெரிந்தது. கழுத்தில் அதே அட்டை. விசிலைக் காணோம். இங்கே யாருக்கு ஊதுவது?

என்னைப் பார்த்ததும் அவர் முதலில் கேட்டது இதுதான்: "பொண்ணு சாப்புடுதா மைசூர்பாக் சார்?"

"சாப்பிடறாம்மா. மருந்து எடுத்துக்கறா. நேத்து அவளே கேட்டு ரெண்டாவது தோசை வாங்கிக்கிட்டா."

"அப்பாடா" என்று இடுப்பில் கை வைத்து நிமிர்ந்தார்.

நான் வழியெல்லாம் தயார் செய்த வாக்கியங்கள் எதுவும் வரவில்லை. "பொய் எழுதிட்டேம்மா. தப்பு. மன்னிச்சுடு... மன்னிச்சுடுங்க" என்றேன்.

"மன்னிப்பை எந்த டப்பாவுல போடறது சார்? ஹசியா, ஒணவா?" என்றார். நான் சிரிப்பேன் என்று எதிர்பார்த்திருப்பார். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவரும் நிறுத்திக்கொண்டார். "எனக்கு ரெண்டு பஸ் சார். இடுப்பு விட்டுப்போச்சு. அதை நீங்க திருப்பித் தர முடியாது. பொண்ணு சாப்புடுதில்ல, போங்க" என்று கூடையைத் தூக்கினார். மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய கடமையும் அவருக்கு இல்லை.

நான் ஒன்றைக் கேட்க மறந்துவிட்டேன். மனுவில் 'மேற்படி நபர்' என்று ஆறு இடத்தில் எழுதியவனுக்கு, அவர் பெயர் என்னவென்று அன்றும் கேட்கத் தோன்றவில்லை.

பதினோரு மாதம் முடிந்தது. பதினாறு பெட்டிகளும் பிரிக்காமலே வண்டியேறின. இப்போது குடியாத்தத்தில் இருக்கிறோம். பிரபு குடும்பமும் பக்கத்துத் தெருவில்தான். கவிதா நன்றாக இருக்கிறாள். பிடிக்காத குழம்பைப் பிடிக்கவில்லை என்று சரோஜாவிடம் சொல்கிறாள். சரோஜாவும் பதிலுக்குச் சண்டை போடுகிறாள். வீடு கலகலப்பாக இருக்கிறது.

நான் மட்டும் இங்கேயும் குப்பையை ஈரம், உலர்ந்தது என்று பிரித்தே வைக்கிறேன். வண்டிக்காரர் இரண்டையும் என் கண்ணெதிரே ஒன்றாகக் கொட்டிக்கொண்டு போகிறார். எப்போதாவது ஒரு மைசூர்பாக் தின்றால் அந்த டப்பாவை இப்போது அடியில் புதைப்பதில்லை. எல்லோர் கண்ணிலும் படும்படி மேலே வைத்துவிட்டு, அதை எடுத்து வெளிச்சத்தில் காட்டி ஒருவர் என்னைத் திட்டமாட்டாரா என்று வாசலிலேயே கொஞ்ச நேரம் நிற்கிறேன்.