இடது பக்கத்துப் பட்டை

இந்தத் தீபாவளிக்கு முன்னறைச் சுவரின் நிறத்தைத் தானே தீர்மானிப்பது என்று சுந்தரலிங்கம் சபதம் எடுத்தார். கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அவர் வாய் திறந்து ஜெயித்த காரியம் ஒன்றுகூட இல்லை. ஆனால் இது நிற விஷயம். டிக்கோயாப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றின் தொழிற்சாலையில் அவர் டீமேக்கர். கோப்பையில் சாயத்தைப் பார்த்தே தேயிலையின் ஜாதகத்தைச் சொல்லிவிடுவார். அந்தக் கண்ணுக்கு வீட்டில் மட்டும் மரியாதை இல்லை என்பது அவருக்குப் பெரிய வேதனை.

ஹட்டனில் அஸ்ஹரின் பெயின்ட் கடையில் அவர் ‘சந்தனம்’ என்றார். மனைவி யோகேஸ்வரி ‘பிஸ்கட்’ என்றாள். கடையின் நிற அட்டையில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். கடைசியில் இரண்டிலும் ஒவ்வொரு சின்ன டின் வாங்கி, சுவரில் பக்கம் பக்கமாகப் பட்டை அடித்துப் பார்ப்பதென்று முடிவானது. அவர் வேலைக்குப் போயிருந்தபோது யோகேஸ்வரியே பட்டை அடித்து வைத்தாள்.

மாலையில் வந்தவர், பால் தேத்தண்ணிக் கோப்பையைச் சுவரோரம் பிடித்தபடி ஒரு கண்ணை மூடினார்.

“ஜன்னல நல்லா தெற. வடக்கு வெளிச்சத்துலதான் சாயம் பாக்கணும்.”

“பனிதாங்க உள்ள வரும்.”

“வரட்டும். இடது பக்கம்தான் சந்தனம். என்னோடது. எவ்ளோ பிரைட்டா இருக்கு பாரு.”

“வலது பக்கம்?”

“டல்லு. பாதியில கரண்டு போய் கெட்ட தேயில மாதிரி.”

“நல்லா பாத்துச் சொல்லுங்க. அப்புறம் என்னைய கொற சொல்லக் கூடாது.”

“இருபது வருசமா சாயம் பாக்குற கண்ணு இது.”

“அப்ப சரிங்க. இடது பக்கத்து கலரையே அடிப்போம்.”

இவ்வளவு சுலபமாக ஜெயித்ததில் அவருக்கே கொஞ்சம் பயமாக இருந்தது. இருந்தாலும் மறுநாள் தொழிற்சாலையில் ஒருவர் விடாமல் சொல்லித் தீர்த்தார். தோட்ட ஆபீஸின் பெரிய கிளாக்கரிடம் இரண்டு தடவை சொன்னார்.

யோகேஸ்வரியே பெரிய டின் வாங்கிவந்து ஞாயிற்றுக்கிழமை சுவர் முழுக்க அடித்து முடித்தாள். சுந்தரலிங்கம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றார்.

“பாத்தியா யோகேஸு? ஒன் பிஸ்கட்ட அடிச்சிருந்தா வீடு ஆஸ்பத்திரியா போயிருக்கும்.”

யோகேஸ்வரி பிரஷ்ஷைக் கழுவிக்கொண்டே சொன்னாள்.

“அடிச்சிருக்கிறதே பிஸ்கட்டுதாங்க. அன்னைக்கு ரெண்டு பட்டையும் ஒரே டின்லதான் அடிச்சேன். ஒங்க டின்ன தொறக்கவே இல்ல.”

அவர் சுவரைப் பார்த்தார். இப்போதாவது டல்லாகத் தெரியாதா என்று பார்த்தார். பாழாய்ப்போன சுவர் பளிச்சென்றுதான் இருந்தது.

“நாளைக்கு பெரிய கிளாக்கர் செவத்தப் பாக்க வர்றாரு யோகேஸு,” என்றார் மெதுவாக.

“வரட்டுங்க. நீங்க எடுத்த கலருன்னு நானே சொல்றேன். அடுத்த மாசம் குசினி செவத்துக்கும் நீங்கதான் கலர் எடுக்கணும்.”