தகட்டுக்கு ஏற்ற பேட்டரி

மின்சாரத்தை முழுமையாக அறிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டே தரப்பினர். ஒரு தரப்பு அதைக் கண்டுபிடித்த மேதைகள். மறு தரப்பு, சித்தூர் மேட்டுத்தெருச் சபையின் வண்டிக் கமிட்டியார். மேதைகளுக்கு அதைக் கண்டுபிடிக்கத்தான் தெரிந்தது. அதன்மேல் பெயர் எழுதத் தெரிந்தவர்கள் நம் கமிட்டியார்தான்.

இந்த உயர்வைக் கடைசிவரை உணராத ஒரே ஜீவன் நர்சு லோயிஸ்.

எழுபத்து நான்காம் வருஷம் வெள்ளைக்கார டாக்டரம்மா தன் ஊருக்குத் திரும்பியபோது, தன்னுடைய வீட்டு வண்டியைச் சபைக்கு விட்டுவிட்டுப் போனார். வேன்தான். ஆனால் உள்ளே இரண்டு கட்டில், மடக்கு மேஜை, கை கழுவும் தொட்டி எல்லாம் உண்டு. எந்த ஊரிலும் நிறுத்தி ராத்தங்கலாம். அதில் நகரி, நாராயணவனம் பக்கத்துக் கிராமங்களுக்குப் போய் லோயிஸ் பிரசவம் பார்ப்பதென்று ஏற்பாடு. எஞ்சினைக் கிளப்புகிற பேட்டரி நன்றாக இருந்தது. உள்ளே விளக்கெரிக்கிற இரண்டாவது பேட்டரி செத்து வெகுகாலம் ஆகியிருந்தது. அந்த இடத்தில் என்ன அளவுப் பேட்டரி வைப்பது என்று தீர்மானிக்கப் பிறந்ததே வண்டிக் கமிட்டி.

லோயிஸ் கேட்டது ஒரே ஒரு விளக்கு. பொழுது சாய்ந்தால் எரிய வேண்டும், விடிகிறவரை அணையக் கூடாது. போன வருஷம் ஒரு குடிசையில், புகை பிடித்த லாந்தர் வெளிச்சத்தில், ரத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் தடவிக்கொண்டிருக்கும்போதே ஒரு தாய் அவள் கையில் செத்துப்போயிருந்தாள். அதைக் கமிட்டியில் சொன்னாள். கமிட்டியார் தலை குனிந்து ஒரு நிமிஷம் மௌனமாக இருந்தார்கள். பிறகு அடுத்த விஷயத்துக்குப் போனார்கள்.

"நர்சம்மா, எவ்ளோ நேரம் எரியணும்ங்கறது ரெண்டாவது கேள்வி," என்றார் தலைவர் சத்தியநாதன். ரிடையரான தலைமையாசிரியர். இன்னும் எல்லோரையும் பெஞ்சுமேல் நிற்கிறவர்களாகவே பார்ப்பவர். "யாரு பேர்ல எரியணும்ங்கறதுதான் மொதல் கேள்வி."

சபைக்கு இதில் நல்ல பழக்கம் உண்டு. ஆலயத்தில் இருக்கிற குழல் விளக்கு ஒவ்வொன்றிலும் செத்துப்போன ஒரு பெரியவரின் பெயரும், உயிரோடிருக்கிற குடும்பத்தார் பெயரும் கறுப்புப் பெயிண்டில் எழுதியிருக்கும். கோயில்காரர்கள் 'உபயம்' என்பார்கள், இவர்கள் 'அன்பளிப்பு' என்பார்கள். குடும்பங்கள் பெருகப் பெருக எழுத்தும் பெருகி, வெளிச்சம் வர இடமில்லாமல் போயிற்று. அதனால் பாதகமில்லை. மாலை ஆராதனைப் பாட்டெல்லாம் சபையாருக்கு மனப்பாடம்.

வண்டிக்கும் அன்பளிப்புகள் குவிந்தன. கூரைமேல் சிவப்பு விளக்குச் சிலுவை ஒரு குடும்பம். வண்டியின் பெயர்ப்பலகைக்கு உள்விளக்கு இன்னொரு குடும்பம். மின்விசிறி, ஊதா விளக்கு, கூம்பு ஒலிபெருக்கி, அதற்கு ஆம்பிளிபயர். லோயிஸின் பிரசவ விளக்கையும் ஒருவர் பெரிய மனது பண்ணி ஏற்றுக்கொண்டார். பேட்டரிக்கு மட்டும் ஆள் இல்லை. அது கட்டிலுக்கு அடியில் கிடக்கிற பொருள். அங்கே பெயர் எழுதினால் கரப்பான் பூச்சிதான் படிக்கும்.

கடைசியில் செயலாளர் இன்பசேகரன் தியாகத்துக்கு முன்வந்தார். ஒரே நிபந்தனை. பேட்டரி கதவோரத்தில், ஏறுகிறவர் கண்ணில் படும்படி ஒரு பெட்டியில் இருக்க வேண்டும். பெட்டியின் முகத்தில் அவர் நைனாவின், அதாவது தகப்பனாரின், பெயரில் பித்தளைத் தகடு. தகடு ஏற்கெனவே தயாராக இருந்தது.

தகட்டைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு தலைவரும் செயலாளரும் திருப்பதிக்குப் பஸ் ஏறினார்கள். லோயிஸும் கூடவே போனாள். பேட்டரிக் கடை சிட்டிபாபு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, தொழில்காரன் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"லோடு எவ்ளோ சார்? எது எது எரியணும், எவ்ளோ நேரம்? அத்த சொன்னா நான் பேட்டரிய சொல்றேன்."

இப்படிப்பட்ட கீழான கேள்விகளுக்குக் கமிட்டி பதில் சொல்வதில்லை. செயலாளர் துணியைப் பிரித்துத் தகட்டை மேஜைமேல் வைத்தார். "இதுக்குப் பின்னால அடங்கற மாதிரி ஒண்ணு குடுப்பா."

சிட்டிபாபு தகட்டைப் பார்த்தார், வண்டிக் கதவோரத்து அளவைக் கேட்டார். தகடு நீளம்தான், ஆனால் கதவோரத்தில் அதற்குப் பின்னால் கிடைக்கிற ஆழம் ஒரு சாண்கூட இல்லை. சின்னக் கார் பேட்டரிதான் அடங்கும் என்றார். நர்சம்மா கேட்கிற ஒரு விளக்குக்கு அதுவே விடியவிடிய வரும். இவ்வளவு சாமானுக்கும் என்றால் லாரி பேட்டரி வேண்டும், அது கட்டிலுக்கு அடியில்தான் போகும். இந்தப் பேட்டரியை எஞ்சின் ஏற்றாது, கடையில் கொடுத்துத்தான் சார்ஜ் ஏற்றவேண்டும், அதனால் யோசித்து வாங்குங்கள் என்றும் சொன்னார்.

"அப்போ சின்னதே வாங்கிக்கலாம் ஐயா," என்றாள் லோயிஸ். "என் லைட்டுக்கு மட்டும் தனி ஸ்விட்ச்சு போட்டுக் குடுங்க. மத்ததெல்லாம் வேணும்னா போட்டுக்கலாம்."

தலைவரும் செயலாளரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். எவ்வளவு விவரம் தெரியாத பெண்.

"தனி ஸ்விட்ச்சா?" என்றார் தலைவர். "ஒரு குடும்பத்து லைட்டு எரிஞ்சிக்கினு இருக்கும், இன்னொரு குடும்பத்துது அணைஞ்சி கெடக்கும். சபை ரெண்டாப் போவறதுக்கு வேற இன்னா வேணும்? சபையில எல்லாரும் ஒண்ணு. ஒரே ஸ்விட்ச்சு."

சமத்துவம் என்றால் இதுதான். போட்டால் எல்லோரும் எரிவார்கள், அணைத்தால் எல்லோரும் அணைவார்கள். தகட்டுக்குப் பின்னால் சின்னப் பேட்டரியே உட்கார்ந்தது. இந்த உயர்ந்த தத்துவப்படி ஒயர்களெல்லாம் சுவர்ப்பலகைக்குள் மறைத்து ஆணியடிக்கப்பட்டன. பிரதிஷ்டை அன்று ஸ்விட்ச்சைப் போட்டதும் வண்டி தேர் மாதிரி ஜொலித்தது. சபையார் கண்ணீர் விட்டார்கள். நன்றியுரை முடிவதற்குள் வெளிச்சம் சற்று மங்கியது. அது தங்கள் கண்ணீரால் என்று சபையார் நினைத்துக்கொண்டார்கள்.

மறுபடி சார்ஜ் ஏற்றி, வண்டி முதல் பயணம் புறப்பட்டது. டிரைவர் நேசகுமார் நாராயணவனத்தைத் தாண்டி ஒரு கிராமத்து வேப்பமரத்தடியில் நிறுத்தியபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. நெசவுக்காரர் வீட்டு மருமகள் செங்கம்மாவை இரண்டு பேர் தாங்கிக் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தினார்கள். தலைப்பிரசவம். இருட்டத் தொடங்கியதும் லோயிஸ் ஸ்விட்ச்சைப் போட்டாள்.

பிரசவ விளக்கு எரிந்தது. கூடவே கூரைமேல் சிலுவை எரிந்தது. பெயர்ப்பலகை எரிந்தது. விசிறி சுற்றியது. கூம்பு ஒலிபெருக்கி ஊருக்கெல்லாம் கேட்கிறமாதிரி கொர்ரென்றது. திருவிழா என்று நினைத்து ஊர் கூடிவிட்டது.

பிள்ளை பிறந்தது. பெண். அழுதது. அதன் பிறகுதான் ரத்தம் நிற்கவில்லை என்று லோயிஸ் கண்டாள். உள்ளே கிழிந்திருந்தது. ஊசியில் நூலைக் கோத்துக் குனிந்தாள். விளக்கு சிவந்தது.

"நேசா, மத்த ஒயரெல்லாம் புடுங்கு. சீக்கிரம்."

நேசகுமார் கூரையைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான். "எத்த புடுங்கறது அக்கா? மேல இருக்கறது சிலுவை. கீழ இருக்கற பேன் நம்ம தலைவரு வாத்தியாரய்யா பொண்ணு குடுத்தது. நாளிக்கி நான் சபைக்குள்ள போவ வாணாவா?"

அவன் இப்படிப் பக்தியோடு யோசித்துக்கொண்டிருக்கும்போதே எல்லாக் குடும்பங்களும் ஒன்றாக அணைந்தன. ஒருவருக்கும் மனத்தாங்கல் இல்லை. வண்டிக்கு முன்விளக்கு நன்றாகத்தான் எரிந்தது. அது ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"இன்னாம்மா, எனுக்குக் கண்ணு இருட்டுதா?" என்று கேட்டாள் செங்கம்மா. குரல் தேய்ந்திருந்தது.

"ஒனுக்கு ஒண்ணும் இல்லம்மா. வண்டிக்குத்தான்." லோயிஸ் ஒரு கையால் துணியை அழுத்திப் பிடித்துக்கொண்டே, யாராவது ஒரு லாந்தர் கொண்டுவாருங்கள் என்று கத்தினாள். வந்தது. போன வருஷத்து லாந்தர் மாதிரியே புகை பிடித்திருந்தது. அதன் வெளிச்சம் எல்லாப் பக்கமும் போயிற்று, வேண்டிய இடத்துக்கு மட்டும் போகவில்லை. அப்போதுதான் கதவோரத்தில் அந்தத் தகடு மினுக்கென்றது.

"நேசா, அந்த பித்தளையாவது கழட்டுடா."

"அது செக்ரட்டரி நைனா பேருக்கா."

"கழட்டு. பேரு அழியாது."

நேசகுமார் கழற்றி, லாந்தருக்குப் பின்னால் சாய்த்துப் பிடித்தான். இன்பசேகரனின் நைனா நன்றாகத் தேய்த்துத் துலக்கப்பட்டிருந்தார். வெளிச்சம் திரும்பி, வேண்டிய இடத்தில் விழுந்தது. லோயிஸ் தைத்து முடித்தாள். செங்கம்மா பிழைத்தாள்.

சித்தூருக்கு இந்தச் செய்தி வண்டிக்கு முன்னால் போய்ச் சேர்ந்தது. கமிட்டி அவசரமாகக் கூடியது. தகடு ஓர் உயிரைக் காப்பாற்றியதற்கு ஸ்தோத்திரம் செலுத்தப்பட்டது. பேட்டரி சம்பந்தமாக ஒருமனதாக ஒரு தீர்மானமும் ஆயிற்று. இவ்வளவு பயன்படுகிற தகடு இவ்வளவு சிறியதாக இருப்பது தவறு, இதைவிடப் பெரியதாக ஒன்று செய்வது.

நர்சம்மாவும் இரண்டு வார்த்தை சாட்சி சொல்லவேண்டும் என்று தலைவர் அன்போடு அழைத்தார். லோயிஸ் எழுந்தாள். அவள் புடவை ஓரத்தில் இன்னும் செங்கம்மாவின் ரத்தக் கறை இருந்தது.

"வண்டியில எல்லாத்துக்கும் பேரு இருக்கு ஐயா. ஒண்ணுக்கு மட்டும் எழுதாம உட்டுட்டீங்க. அந்தப் பொண்ணு ரத்தம் ஓடிக்கினு இருக்கும்போது உள்ள வந்துச்சே, அந்த இருட்டு. புதுத் தகட்டுல அத்த எழுதிக்குங்க. 'இந்த இருட்டு, வண்டிக் கமிட்டியார் அன்பளிப்பு.'"

செயலாளர் இன்பசேகரன், அன்பளிப்பு என்ற சொல் காதில் விழுந்த பழக்கத்தில், குனிந்து எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் சத்தியநாதன் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"கமிட்டின்னு பொதுவாப் போட்டா எப்பிடி நர்சம்மா? யாரு பேரு மொதல்ல வரணும்?"