மூடி அண்ணை காட்டிய சர்க்கஸ்

படம் காட்டச் சம்பளம் வாங்கிக்கொண்டு, அந்தச் சம்பளத்துக்கு வஞ்சகமில்லாமல் படத்தை மறைத்த ஒரே மனிதர் இந்த உலகத்தில் எங்கள் மூடி அண்ணைதான். வேறொருவர் இருந்தால் கூட்டி வாருங்கள், காலில் விழுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். வல்வெட்டித்துறைக்குப் பக்கத்தில், கடற்காற்று நாளுக்கு நாலு தரம் கூரைத் தகரத்தைத் தூக்கி, உள்ளே என்ன படம் என்று பார்த்துவிட்டுப் போகும் ஒரு தியேட்டர். கீழே ரிக்கற் கிழிப்பது நான். வீட்டில் எனக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்த வயது. மேலே, இரும்பு ஏணியின் உச்சியில், படம் ஓட்டும் அறையில் அவர். கையில் பிஸ்கற் பேணியின் தகர மூடி ஒன்று. திரையில் ஓர் ஆணும் பெண்ணும் ஒரு முழத்துக்குள் வந்தால் போதும், மூடி ஒளிக்கு முன்னால் வந்து நிற்கும். திரை இருண்டு பாட்டு மட்டும் கேட்கும். கலரிப் பெஞ்சில் இருக்கும் பெடியள் மிச்சத்தைத் தங்கள் கற்பனையில் பார்த்துக்கொள்வார்கள்.

ஒருமுறை, டொக்டர் கதாநாயகிக்கு நாடி பார்த்த காட்சிக்கும் மூடி விழுந்தது. ஏணியில் ஏறிப்போய்க் கேட்டேன்.

“அண்ணை, அது வைத்தியமெல்லோ?”

“நாடி பாக்க மூண்டு விரல் காணும், தம்பி. உவன் முழுக்கையையும் பிடிச்சவன்.”

பெடியள் வருவதை நிறுத்தினார்கள். குடும்பங்களும் வரவில்லை. மூடி போட்டு மறைக்கிற அளவுக்கு அங்கே என்னதான் காட்டுகிறார்களோ என்ற பயம். கதிரைகள் தங்களுக்குள் படம் பார்த்துக்கொண்டிருந்தன. ஒருநாள் முதலாளி ஏணியின் அடியில் நின்று கத்தினார்.

“கேட்டுக்கொள்! கடைசியாய் ஒரு சர்க்கஸ் பபூன் படம் எடுத்திருக்கிறன். மாமியும் மருமோனும் ஒண்டாய் இருந்து பாக்கிற படம். ஞாயிறு பின்னேர மற்றினிக்குப் பொம்பிளையள் வரவேணும், வந்தவை முடியுமட்டும் இருக்கவேணும். இல்லாட்டி தியேட்டரை வெங்காயக் கிட்டங்கி ஆக்கிப்போடுவன். பிறகு நீ வெங்காயத்துக்கு மூடி பிடி!”

சர்க்கஸ் என்ற சொல்லைக் கேட்டதும் மூடி அண்ணைக்குச் சிறகு முளைத்துவிட்டது. ஒலிபெருக்கி கட்டிய காரில் தானே ஏறினார். “யானை வருகுது! குதிரை வருகுது! பபூன் விழுறான், எழும்புறான், திருப்பியும் விழுறான்! ஆபாசம் அறவே இல்லை எண்டு ஒப்பறேற்றர் உத்தரவாதம்!” என்று கடற்கரை ஒழுங்கை முழுக்க முழங்கினார். கலியாணம் கட்டிய நாளிலிருந்து தியேட்டர் வாசலை மிதியாத அவருடைய மனைவி செல்லமக்கா, அந்த ஞாயிறு ஒழுங்கையையே கிளப்பிக்கொண்டு வந்து இறங்கினார்.

என்ன கூட்டம்! கோமாளி வாளிக்குள் விழுந்தான், தியேட்டர் குலுங்கியது. கழுதை அவனுடைய தொப்பியைத் தின்றது. குழந்தைகள் பெஞ்சில் ஏறி நின்று கூவினார்கள். ஊஞ்சல் கட்டும் காட்சியில், பாய்க்கப்பல் ஓட்டிய கிழவர்கள் பொறுக்கமாட்டாமல் எழும்பிவிட்டார்கள். “உந்த முடிச்சு நிக்காது! இன்னொரு சுத்துப் போடடா, மடையா!”

அப்போதுதான் அந்த ஊஞ்சலில், எதிரே ஆடும் மற்ற ஊஞ்சலுக்குப் பாய, கோமாளியின் மகள் ஏறினாள். குட்டைப் பாவாடை. ஒலிபெருக்கியில் ஊருக்கே கொடுத்த உத்தரவாதம் மூடி அண்ணையின் கழுத்தைப் பிடித்தது. முழுக்க மறைக்க மனம் வரவில்லை. பாதி மறைத்தார். மேல்பாதி இருட்டு. கீழ்ப்பாதியில் அண்ணாந்து பார்க்கும் கோமாளியின் முகம் மட்டும் வலப்பக்கம் திரும்பியது, இடப்பக்கம் திரும்பியது, மறுபடி வலப்பக்கம். தியேட்டரிலிருந்த அத்தனை தலைகளும் கூடத் திரும்பின. மேளம் அதிர்ந்தது. ஓர் அலறல். மேளம் நின்றது. கோமாளியின் வாய் பிளந்தபடி இருந்தது. அவ்வளவுதான்.

செல்லமக்கா எழும்பினார். “இஞ்சருங்கோ! பிள்ளை மற்ற ஊஞ்சலைப் பிடிச்சவளோ, விழுந்திட்டாளோ?”

மேலே படம் ஓட்டும் அறையின் துவாரத்தில் மூடி அண்ணையின் முகம் தெரிந்தது. “பிடிச்சிருப்பாள். நீ இரு!”

“இருப்பாளோ? பாக்காமல் எப்பிடிச் சொல்லுவியள்?”

“உடுப்புச் சரியில்லையப்பா!”

“என்ரை ஐயா பாய்மரத்திலை ஏறேக்கை வேட்டி சால்வையோடையே ஏறினவர்? அந்தரத்திலை தொங்கிறவளுக்குக் கூறைச்சேலையே உடுத்துறது? தகரத்தை எடுங்கோ!”

கடலுக்குப் போன ஆள் கரைக்கு வந்தாரா என்று தெரியாமல் ஒரு வாய் சோறு இறங்காத பெண்கள் அவர்கள். ஒரு வரிசை எழும்பியது, பிறகு எல்லா வரிசையும். நாலைந்து பேர் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு நடந்தார்கள். வாசலில் முதலாளி, வெங்காயம் இப்போதே உரித்தவர்போல் நின்றார்.

மூடி தடாரென்று நிலத்தில் விழுந்த சத்தம் கேட்டது. ஆனால் காட்சி போய்விட்டது. திரையில் யானை குளித்துக்கொண்டிருந்தது.

“யானையை ஆர் கேட்டது? திருப்பிப் போடு!”

மெசின் நின்றது. விளக்கு எரிந்தது. நான் ஏணியில் பாய்ந்து ஏறினேன். எந்தப் படத்தையும் ஒரு அங்குலம் திருப்பிக் காட்டாத மனிதர், வியர்வை சொட்டச் சொட்ட ரீலைக் கையால் பின்னுக்குச் சுற்றிக்கொண்டிருந்தார். கீழே வாசலுக்குப் போன பெண்கள் அங்கேயே நின்றார்கள்; யாரும் வாசற்படலையைத் தாண்டவில்லை.

மறுபடி இருட்டு. மறுபடி மேளம். இந்தமுறை முழுத் திரை. அவள் பறந்தாள், ஐயோ, என்ன பறப்பு! கூரை இல்லை, கடல் இல்லை, மூச்சு இல்லை. காற்றும் ஒரு பெண்ணும் மட்டும். பிறகு எழுந்த ஆரவாரத்தில், வெளியிலிருந்து கூரையைத் தூக்கும் காற்றுக்கு அன்று வேலையில்லாமல் போனது. முதலாளி தலைக்கு மேல் கை தட்டினார். கிட்டங்கிப் பேச்சு அத்தோடு செத்தது.

நான் சந்தோசத்தில் திரும்பினேன். மூடி அண்ணை சுவரைப் பார்த்தபடி, இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் இறுக்கிக் கட்டிக்கொண்டு நின்றார்.

“அண்ணை, நீங்கள் பாக்கேல்லையோ?”

“கை தன்ரை பாட்டிலை மறைக்கப் போகும், தம்பி. அதுதான் திரும்பி நிண்டனான். சொல்லு, பிள்ளை பிடிச்சவளோ?”

“ஓம் அண்ணை. ஒரு கை நழுவிப்போச்சு. மற்றக் கையாலை பிடிச்சிட்டாள்.”

அவர் சுவரைப் பார்த்தே சிரித்தார். பிறகு, திரும்பாமலே, ஒரு கையைப் பின்னால் நீட்டி என் கையைத் தேடிப் பிடித்தார். எண்ணெயும் வியர்வையுமாய் வழுக்கியது. நான் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.