சாம்பிள் அண்ணன் போட்ட சிவப்புத் தேதிகள்

ஓசூர் பெங்களூருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்று ஒரு தடவைகூடச் சொல்லாத மனிதர், எனக்குத் தெரிந்து சாம்பிள் அண்ணன் ஒருவர்தான். "பெங்களூருதான் ஓசூரு பக்கத்துல இருக்குது" என்பார்.

பாகலூர் ரோட்டில் ஓர் அச்சகத்தில் டிசைனர். எதைச் செய்து காட்டினாலும் "இது சும்மா சாம்பிள்தாம்பா" என்பார். அவர் அடித்துக் கொடுத்த கல்யாணப் பத்திரிகை, அந்த ஜோடிக்குக் குழந்தை பிறந்த பிறகும் அவருக்குச் சாம்பிள்தான்.

சிப்காட் தொழிற்பேட்டையில் நான் வேலை பார்த்த கம்பெனியின் காலண்டர் பொறுப்பு என் தலையில் விழுந்தது. மேனேஜர் கொடுத்த பனிமலைப் படத்தை அவரிடம் நீட்டினேன்.

"இந்த மலைக்கு அஞ்செட்டியில இருந்து பஸ் இருக்குதா?"

"அண்ணா, அது ஃபாரின்."

"அப்ப நம்ம ஆளு வூட்டுச் செவுத்துல அதுக்கு என்னப்பா வேல?"

கேமராவோடு கிளம்பிவிட்டார். பாரூர் ஏரிக்கரையில் ஒரு கொக்குக்காக அரை நாள் உட்கார்ந்தார். அஞ்செட்டியில் ஒரு மாட்டைப் படம் பிடித்துக்கொண்டே பஸ்ஸை விட்டுவிட்டு, மறுநாள்தான் வந்து சேர்ந்தார். காலண்டரில் அந்த மாட்டுக்கு ஜூன் மாதம் முழுவதும் கிடைத்தது!

அதோடு நிற்கவில்லை. எங்கள் கம்பெனி வாசல் டீக்கடையில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றிலும் விசாரித்து, ஒவ்வொரு தொழிலாளியின் ஊர்த் திருவிழாவையும் காலண்டரில் சிவப்பு எழுத்தில் ஏற்றினார். நானும் சரியாகப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டுத் தொலைத்தேன்.

மே மாதம் ஒருநாள் ஷிஃப்டில் பாதி ஆளைக் காணோம். மறுநாள் கேட்டால், "கம்பெனி காலண்டர்லயே செவப்பு போட்டிருக்குதே சார், லீவுன்னு நெனச்சுட்டோம்" என்கிறார்கள்!

மேனேஜர், சாம்பிள் அண்ணனை வரவழைத்துக் குதித்தார். "இனிமே உங்களுக்கு ஆர்டர் கிடையாது. ஆளுங்களுக்குக் கொடுத்த எல்லாக் காலண்டரையும் திரும்ப வாங்கிக் கிழிக்கப் போறேன்."

"ஆர்டர் போனாப் போவுது சார். செவுத்துல மாட்டுனத மட்டும் கழட்டச் சொல்லாதீங்க." அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதே இல்லை. மேனேஜர் மசியவில்லை.

காலண்டர்களைத் திரும்ப வாங்க, கம்பெனி கேட்டில் அட்டைப்பெட்டியோடு என்னை உட்காரவைத்தார்கள். மூன்று நாள். "கொழந்த கிழிச்சிருச்சு சார்" என்றார் ஒருவர். "மாட்டுப் படத்த மாடே தின்னுடுச்சு சார்" என்றார் அஞ்செட்டிக்காரர், கொஞ்சமும் கூசாமல். ஊத்தங்கரைப் பக்கத்து வெல்டர் மட்டும் பொய் சொல்லவில்லை. "எங்க ஊரு பேரு அச்சுல வந்தத இப்பத்தான் சார் பாக்கறேன். குடுக்கமாட்டேன்."

பெட்டி காலியாகவே இருந்தது. அண்ணனிடம் போய்ச் சொன்னேன். "ஒண்ணுகூடவா வரல?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

காலண்டரைத் திருப்பித் தராதவர்களின் பட்டியலை மேனேஜர் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தேன். முதலில் என் பெயரைத்தான் எழுதினேன்.