சாமை ஒழுகாத படகு

காலி வண்டியோடு மலை இறங்குவதைவிடப் பாரவண்டியோடு மலை ஏறுவது மேல். ஏறும்போது வண்டி நம் பேச்சைக் கேட்கும். இறங்கும்போது நாம்தான் அதன் பேச்சைக் கேட்க வேண்டும்.

கொல்லிமலை அரியூர் நாட்டிலிருந்து நான் கீழே போய்க்கொண்டிருந்தேன். கையில் இரண்டு சக்கர வண்டி. அதன்மேல் இருக்க வேண்டிய பாய்மரப் படகு ஏரியின் அடியில் கிடந்தது. பின்னால் அந்த ஊர்க் கந்தக் கவுண்டர் கையை ஆட்டிக் கத்திக்கொண்டே ஓடி வந்தார். அடிக்கத்தான் வருகிறார் என்று நான் வேகத்தைக் கூட்டினேன். (கூட்டினேன் என்பது பெருமைக்குச் சொல்வது. சரிவில் வண்டிதான் என்னைத் தள்ளிக்கொண்டு போனது.)

கொல்லிமலையில் பாய்மரப் படகா என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். அங்கே காப்பித் தோட்டம் வைத்திருந்த வெள்ளைக்காரத் துரைக்கு ஏரியைப் பார்த்தால் கடல் ஞாபகம் வந்துவிடும். கடற்கரையிலிருந்து சின்னப் படகு ஒன்றை வரவழைத்தார். மலைக்கு ரோடு கிடையாது, பாரவண்டி ஏறாத செங்குத்துப் பாதைதான். ஆட்கள் படகைத் தோளில் சுமந்தார்கள், வண்டியைக் கழற்றித் தனியாகச் சுமந்தார்கள். மேலே வந்தபின் படகை வண்டியில் வைத்து பங்களாவுக்கும் ஏரிக்கும் இழுப்பது என் வேலை. பாதிப் படிப்போடு பள்ளியை விட்டு, ஊர் ஊராகச் சுற்றி, கடைசியில் பசிக்காக மலையேறியவன் நான். துரை சீமைக்குத் திரும்பியபோது படகை எனக்கே கொடுத்துவிட்டார். அதற்கு முன் எனக்கென்று சொந்தமாக இருந்தது ஒரு தகரக் குவளை.

காற்று போகும் பக்கம் படகும் போவது சரி. காற்றுக்குக் குறுக்கே எப்படிப் போகிறது? பாயைக் கொஞ்சம் இழுத்துப் பார்ப்பேன், கொஞ்சம் விட்டுப் பார்ப்பேன். நாள் முழுக்க இதே வேலை. விடை தெரியாமலே ஓட்டக் கற்றுக்கொண்டேன்.

படகு வைத்திருப்பது எருமை வைத்திருப்பது மாதிரி. நனைத்துக்கொண்டே இருக்க வேண்டும். துரை இதைச் சொல்லித்தான் போனார். ஆனால் அந்தக் கோடையில் ஏரியே வற்றிப்போனது. வண்டிமேல் காய்ந்த படகின் பலகைகள் சுருங்கின. ஒருநாள் அதன் அடியில் படுத்திருந்தபோது, இடுக்குகளின் வழியாக வெயில் என் வயிற்றில் கோடு கோடாக விழுந்தது. இடுக்கை அடைக்கத் துரை விட்டுப்போன தார் டப்பாவைத் திறந்தேன். அதற்குள் ஒரு பல்லிதான் இருந்தது.

கவுண்டரின் மனைவி பொன்னாயி வந்து பார்த்தார்.

"இதுக்கா சாமி மூஞ்சியத் தொங்கப் போட்டுட்டு உக்காந்திருக்கீங்க? தவசக் கூடை மெழுகறாப்பல சாணியும் செம்மண்ணும் கொழச்சு மெழுகிட்டாப் போச்சு!"

மலையில் தானியம் வைக்கும் மூங்கில் கூடைகளை அப்படித்தான் மெழுகுவார்கள். ஊரே கூடிப் படகை உள்ளும் புறமும் மெழுகியது. காய்ந்ததும், கூடையைச் சோதிப்பது போலவே, உள்ளே சாமையைக் கொட்டிக் குலுக்கினோம். கவுண்டர் கீழே குனிந்து தேடினார். ஒரு மணிகூட விழவில்லை.

"சாமையே போகலே, தண்ணி எப்படீங்க போகும்?" என்றார்.

இந்தக் கேள்வியில் என்ன கோளாறு என்று எனக்கு அன்று தெரியவில்லை.

மழை கொட்டியது. ஏரி நிரம்பியது. கவுண்டரின் வயல் எதிர்க்கரையில்; அங்கே போகும் பாதையை ஓடை மறித்துவிட்டது. அவரிடம் இருந்தது இரண்டு மூட்டை விதைநெல். அது போனால் அந்த வருஷம் நடவே இல்லை.

"தம்பி, உன்ற படகுல கொண்டுபோய்ச் சேத்துப்புடு. கரை மேட்டுல குடிசை போட்டுக்க. அங்க இருக்கற துண்டு நெலத்தையும் நீயே ஓட்டிக்க" என்றார்.

எந்த ஊரிலும் என்னிடம் யாரும் இரு என்று சொன்னதில்லை. மூட்டைகளை ஏற்றினேன், காவலுக்குக் கவுண்டரும் ஏறினார், பாயை விரித்தேன். ஏரி நடுவரை ராஜநடை.

"தம்பி, காலு நனையுது."

"அலை தெறிக்குதுங்க."

"அலை அடியில இருந்தா தெறிக்கும்?"

குனிந்து பார்த்தேன். காலடியில் செம்மண் நிறத்தில் தண்ணீர், அதில் மிதக்கும் வைக்கோல் துணுக்குகள்.

"மெழுகினது கரையுதுங்க."

"அப்போ சாமை போகலியே?"

"சாமை கரைக்காதுங்களே!"

இந்த ஆராய்ச்சி முடிவதற்குள் படகு அமைதியாக உட்கார்ந்துவிட்டது. பாய் மட்டும் வெளியே நின்று காற்று வாங்கியது. கழுத்தளவுத் தண்ணீரில் மூட்டைகளை இழுத்துப் புறப்பட்ட கரைக்கே சேர்த்தோம். கவுண்டர் ஒரு மூட்டையைப் பிரித்து, நெல்லை அள்ளிப் பார்த்தார். திட்டியிருந்தால் நின்றிருப்பேன். அவர் வீட்டுக்குள் போனதும் வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வெகுநாள் கழித்து, மிளகு விற்கச் சந்தைக்கு வந்த பொன்னாயி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, வெதைநெல்லை எப்படியும் ஊற வெச்சு மொளை கட்டித்தானே வெதைக்கறது! உங்களால எங்களுக்கு ஒரு வேலை மிச்சம். ஓடை வடிஞ்சதும் கொண்டுபோய் வெதைச்சுப்புட்டோம். சேத்துல எறங்க ஆளு வேணும்னு அவரு கூப்பிடக் கூப்பிட, கழுதையாட்டம் ஓடீட்டீங்களே!"

"படகு?"

"மேல இழுத்துப் போட்டாச்சு. மாட்டுக்குத் தண்ணி காட்டறோம். சொட்டு ஒழுகறதில்லீங்க."

தண்ணீரில் கிடந்து ஊறி, பலகைகள் தாமாகவே நெருங்கிக்கொண்டன. துரை சொன்னது அவ்வளவுதான்.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் கூரை ஒழுகினால் என் மனைவி பிள்ளைகளிடம் சொல்வாள்: "அப்பாகிட்ட மூச்சு விடாதீங்க. மேல ஏறிச் சாமையைக் கொட்டிப் பாப்பாரு."

இதெல்லாம் பின்னால். அன்று வண்டி என்னைத் தள்ளிக்கொண்டு போய் அடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டியில்தான் விட்டது. திரும்ப ஏற்ற ஒருவனால் ஆகாது. மறுநாள் காலை, சோற்றுக்கடைக்காரர் ஒருவர் என்னைப் பார்க்காமல் வண்டியைப் பார்த்தார்.

"கெணத்துல இருந்து கடைக்குத் தண்ணி கொண்டாந்து ஊத்தறியா?"

தலையாட்டினேன். படகு இருந்த இடத்தில் ஒரு மரப் பீப்பாயைத் தூக்கி வைத்தார். தண்ணீர் ஊற்றிய உடனே அது ஒழுக ஆரம்பித்தது.

"அடைக்கத் தெரியுமா?"

ரோட்டோரம் நின்ற பசுமாடு, அப்போதுதானா வாலைத் தூக்க வேண்டும்!

"தெரியாதுங்க" என்றேன். வேலை கிடைத்தது.