சொத்தையே சாட்சி

புழுபக்தர்களைப் பார்த்திருக்கிறீர்களா? அடையாறில் எங்கள் காய்கறிக் கூட்டுறவுக்கு வந்தால் தரிசிக்கலாம். ஞாயிறு காலை, அடுக்ககத்தின் கார் நிறுத்தத்தில், ஐம்பது கிலோமீட்டருக்குள் விளைந்ததை மட்டுமே வாங்குவது என்ற சபதத்தோடு பக்கத்துத் தெருவிலிருந்து காரில் வந்து இறங்கி, துணிப்பையை உதறி, கத்தரிக்காயை வெயிலில் திருப்பித் திருப்பி, காம்புக்கடியில் ஓட்டை தேடுவார்கள். இருந்தால் கண் பனிக்கும். "மருந்தே அடிக்கல, புழுவே சொல்லுது பாருங்க!" இல்லாவிட்டால்? விஷம்.

தலைமை பக்தர் சண்முகவேல். தி.நகரில் ஜவுளிக்கடை. சேலையில் ஓட்டை இருந்தால் திருப்பி அனுப்புவார். காயில் ஓட்டை இல்லாவிட்டால் திருப்பி அனுப்புவார்.

போன மாதம் திருப்போரூர்ப் பக்கம் பயிரிடும் கெங்கம்மா ஒரு கூடை கத்தரிக்காய் இறக்கினார். அத்தனையும் பளபளப்பு. சண்முகவேல் அடிவரை கிளறினார். ஓர் ஓட்டைகூட இல்லை.

"இது மருந்துக் காய். இந்தம்மா பேரைப் பட்டியல்லேருந்து எடுத்துடுங்க."

"எடுத்துட்டா நான் எங்க சார் போவேன்? வேப்பங்கொட்டைத் தண்ணியத் தவிர இன்னா அடிச்சேன்? சொத்தையெல்லாம் பொறுக்கிப் போட்டுட்டு நல்லதா எடுத்தாந்தேன்."

"போட்டுட்டா? எங்கே?" என்றார் பொறுப்பாளர் ஜெயஸ்ரீ.

"மாட்டுக்கு."

கூட்டமே பதறியது. அவ்வளவு உயர்ந்த சரக்கையா மாடு தின்றது! அடுத்த வாரம் சொத்தையைக் கொண்டுவந்து காட்டினால் பெயர் நீடிக்கும் என்று தீர்ப்பானது.

கொண்டுவந்தார். அரை மணியில் கூடை காலி. கெங்கம்மாவின் பெயர் தப்பியது. சண்முகவேல் இரண்டு கிலோவை மார்போடு அணைத்தபடி வீடு சேர்ந்தார். அவர் மனைவி சுந்தரவல்லி முதல் காயை நறுக்கினார்; அரிவாள்மணையை அப்படியே போட்டுவிட்டுப் பையோடு கிளம்பினார். பஸ் நிறுத்தத்தில், ஓட்டையில்லாத காய்களைப் பரப்பி உட்கார்ந்திருந்தார் கெங்கம்மா.

"இன்னாம்மா, சார் இப்பத்தானே வாங்கிக்கினு போனாரு?"

"ஒரே காயில மூணு புழு!"

"மூணா? அது முதல் தரம்மா. சாருக்குன்னு பார்த்துப் பொறுக்கினது."

சுந்தரவல்லி சிரித்துக்கொண்டே நல்ல காயாக ஒரு கிலோ வாங்கிப்போய் வதக்கினார். சண்முகவேல் மூன்றாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். "புழு தொட்ட காயோட ருசியே தனிதான், என்ன?"

"ஆமாங்க."

சிரிக்கிறீர்கள். நேற்று கீரைக்கட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, இலையில் ஓட்டையைக் கண்டதும் ஒரு புன்னகை பூத்தீர்களே, கீரைக்காரம்மா கவனித்துவிட்டார். உங்களுக்கென்று தனியாகப் பொறுக்க ஆரம்பித்திருப்பார்.